கடல் வழிகள் – 9: எங்கே வடக்கே திரும்புவது?

'நன்னம்பிக்கை முனையிலிருந்து நேர் கிழக்கே ஆயிரம் மைல் போ. பிறகு வடக்கே திரும்பு.'

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல் தலைவர்களுக்குக் கொடுத்த பயண ஆணையின் சாரம் இவ்வளவுதான். படிப்பதற்கு எவ்வளவு எளிது! ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களைச் சரியாக நிறைவேற்ற முடியாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கப்பல்கள் உடைந்தன, நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ஒரு கண்டத்தின் மேற்குக் கரை உலகப் படத்தில் ஏறியதும் இதே கோளாறால்தான். கடலில் 'ஆயிரம் மைல்' என்பதற்கு என்ன பொருள்? அந்த ஆயிரம் முடிந்த இடத்தை யார் காட்டுவார்கள்? இந்தப் பகுதி முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

முதலில் ஆணையின் பின்னணி. 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கம்பெனி, முதலில் போர்த்துக்கீசியர் காட்டிய தடத்திலேயே போனது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மடகாஸ்கர் பக்கமாக வடக்கே ஏறி, பருவக்காற்றுக்குக் காத்திருந்து, பிறகு கிழக்கே திரும்பும் வழி அது. வெப்பமண்டலத்தில் காற்றில்லாமல் வாரக்கணக்கில் கிடக்க நேரும். குடிநீர் நாறும், இறைச்சி புழுக்கும், ஈறுகள் வீங்கிப் பற்கள் உதிரும். ஹாலந்திலிருந்து ஜாவா போய்ச் சேர ஓராண்டு வரை இழுத்தது. அவசரப்படக் கம்பெனிக்குக் காரணம் இருந்தது. மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் ஜாதிக்காயையும் வாங்க அங்கே எடுபட்ட பண்டம் நம் சோழமண்டலக் கரையின் துணி. அதற்காகத்தான் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். ஹாலந்திலிருந்து வெள்ளி வர வேண்டும், பழவேற்காட்டிலும் மசூலிப்பட்டினத்திலும் துணி கொள்முதலாக வேண்டும், துணி ஜாவா போய் மசாலாவாக மாற வேண்டும். இந்தச் சுழற்சியில் ஒரு கப்பல் ஆறு மாதம் தாமதித்தாலும் முதலீடு முடங்கிவிடும்.

1611இல் ஹெண்ட்ரிக் பிரவுவர் என்ற தளபதி வேறொன்றைச் செய்து பார்த்தார். தென்முனையைக் கடந்ததும் வடக்கே ஏறாமல், இன்னும் தெற்கே இறங்கி, தென் அட்சரேகை 35 பாகைக்கும் கீழே போனார். அங்கே இடையறாது மேற்குக் காற்று வீசுகிறது. தடுக்க நிலமே இல்லாத கடல் அது. காற்று உருட்டிவிடும் அலைகள் மலைமலையாக எழும். குளிரும் ஈரமும் வாட்டினாலும் கப்பல் பறந்தது. கிழக்கே வெகுதூரம் போனபின் வடக்கே திரும்பி, தென்கிழக்குக் காற்றைப் பிடித்து ஜாவாவின் பான்டம் துறைமுகத்தை அடைந்தார். பயணக் காலம் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. குளிர்ச்சியில் உணவு கெடவில்லை, ஆட்களும் குறைவாகவே செத்தார்கள். சில ஆண்டுகளில் கம்பெனி இதைக் கட்டாய வழியாக்கியது. விரைந்து சேர்ப்பவர்களுக்குப் பரிசுப் பணமும் வைத்தது.

கம்பெனி சொன்ன 'மைல்' நாம் அறிந்த மைல் அல்ல. டச்சு மைல், ஒரு பாகைக்குப் பதினைந்து, அதாவது நான்கு கடல் மைல், ஏறக்குறைய 7.4 கிலோமீட்டர். ஆகவே ஆயிரம் டச்சு மைல் என்றால் நாலாயிரம் கடல் மைல். படத்தில் வைத்துப் பார்த்தால் கம்பெனியின் கணக்கு தவறே இல்லை. 38 பாகைத் தென் அட்சரேகையில் அவ்வளவு தூரம் கிழக்கே போனால் ஏறத்தாழ 103 பாகைத் தீர்க்கரேகை வரும். ஜாவாவுக்குள் நுழையும் வாயிலான சுந்தா நீரிணை 105 பாகையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை 113, 114 பாகைகளில் நிற்கிறது. திரும்ப வேண்டிய இடத்துக்கும் பாறைகளுக்கும் நடுவே இருப்பது நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு தூரம் மட்டுமே. கப்பல் தலைவன் தன் தூரத்தை அந்த அளவுக்குக் குறைத்து மதிப்பிட்டால் போதும், நிலத்தின் மீது ஏறிவிடுவான்.

அப்படியானால் முன்கூட்டியே திரும்பிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஆபத்து இருந்தது. சீக்கிரம் திரும்பினால் சுந்தா நீரிணைக்கு மேற்கே, சுமத்திராவின் பக்கம் போய்ச் சேர்வார்கள். அங்கிருந்து கிழக்கே வர எதிர்க்காற்றோடு போராட வேண்டும். பல வாரங்கள் வீணாகும், பரிசு போகும், நோயாளிகள் சாவார்கள். எனவே 'இன்னும் கொஞ்சம் கிழக்கே' என்ற ஆசை ஒவ்வொரு கப்பல் தலைவனையும் பிடித்து இழுத்தது. சீக்கிரம் திரும்பியவனுக்கு நஷ்டம் உறுதி. தாமதமாகத் திரும்பியவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, எப்போதாவது எல்லாமே போய்விடும். வேகத்துக்குப் பரிசு வைத்த கம்பெனி இந்தத் தராசை எந்தப் பக்கம் சாய்த்தது என்பதை, மாலுமிகளைக் குற்றம் சொல்லும் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

தூரத்தை எப்படி அளந்தார்கள்? வடக்கு–தெற்கு அவர்களுக்குப் பெரிய சிக்கல் அல்ல. நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து அட்சரேகையைச் சொல்லிவிடுவார்கள். கிழக்கு–மேற்குக்கு வானத்தில் அப்படி ஓர் அடையாளம் இல்லை. பூமி அந்தத் திசையில்தான் சுழல்கிறது. புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கையோடு கொண்டுபோனால் ஒழிய, எவ்வளவு கிழக்கே வந்தோம் என்பதை வானத்திலிருந்து படிக்க முடியாது. அத்தனை மாதம் கடலில் ஆடிக்கொண்டே சரியான நேரம் காட்டும் கடிகாரம் அன்று உலகில் எங்கும் இருக்கவில்லை. எனவே வேகத்தை ஊகித்து, நேரத்தால் பெருக்கி, 'இன்று இவ்வளவு வந்தோம்' என்று எழுதுவதுதான் ஒரே வழி.

வேகத்தை ஊகிக்க இங்கிலாந்துக் கப்பல்களில் முடிச்சுக் கயிறு இருந்தது. ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிப் பின்னால் வீசி, மணல் கடிகை ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடக்கிறது என்று எண்ணுவார்கள். டச்சுக்காரர்களின் பழைய முறை இன்னும் எளியது. கப்பலின் பக்கப்பலகையில் இரண்டு குறிகள் இருக்கும். அணியத்தின் பக்கத்திலிருந்து ஒரு மரத்துண்டை நீரில் போட்டு, அது முதல் குறியிலிருந்து அமரத்தின் பக்கமுள்ள இரண்டாம் குறிக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மாலுமி மனத்துக்குள் எண்ணுவான். பிற்காலத்தில், இந்த எண்ணிக்கையை வேகமாக மாற்றும் அட்டவணையைப் பித்தளைப் புகையிலைப் பெட்டியின் மேல் செதுக்கியே விற்றார்கள். அப்படிப்பட்ட பெட்டிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

இதில் பிழை எவ்வளவு பெருகும் என்பதற்கு ஒரு கணக்கு. குறிகளுக்கு இடையே 30 அடி என்று வைப்போம். மரத்துண்டு அதை ஐந்து நொடியில் கடந்தால் கப்பலின் வேகம் மணிக்கு மூன்றரைக் கடல் மைல். நான்கு நொடியில் கடந்தால் ஏறத்தாழ நாலரை. பனிக்காற்றில், உருளும் தளத்தில், விறைத்த விரல்களோடு நிற்பவன் ஒரு நொடி தவறாக எண்ணினால், அந்த ஒரு நொடி ஒரு நாளுக்குள் இருபது கடல் மைல் பிழையாக வளர்ந்துவிடும். இதில் மணல் கடிகையின் கோளாறுகளும் சேரும். ஈரத்தில் மணல் மெதுவாக இறங்கும். தன் காவல் நேரம் சீக்கிரம் முடியட்டும் என்று சில பையன்கள் மணல் முழுவதும் இறங்குவதற்கு முன்பே கடிகையைத் திருப்பியதும் உண்டு.

இவையெல்லாம் கவனத்தால் திருத்தக்கூடிய பிழைகள். கவனத்தால் திருத்தவே முடியாதது ஒன்று இருந்தது. அந்தத் தென்கடலில் காற்று மட்டும் கிழக்கே போகவில்லை, கடலின் நீரே கிழக்கே நகர்ந்தது. மரத்துண்டு நீரில் மிதக்கிறது, கப்பலும் நீரில் மிதக்கிறது. இரண்டையும் நீரோட்டம் சேர்த்தே சுமந்து போகிறது. ஓடும் ரயில்பெட்டிக்குள் நடப்பவன் தன் காலடிகளை மட்டும் எண்ணிக்கொண்டு, எந்த ஊர் வந்தது என்று சொல்ல முயல்வதைப் போன்றது இது. நீரோட்டம் மணிக்கு அரைக் கடல் மைல் என்று வைத்தாலும் நாளுக்குப் பன்னிரண்டு மைல் ஆகும். நாற்பது நாளில் 480 கடல் மைல். அந்த மைல்கள் எந்தக் குறிப்பேட்டிலும் பதிவாகாது. திரும்ப வேண்டிய இடத்துக்கும் ஆஸ்திரேலியக் கரைக்கும் நடுவே இருந்த இடைவெளியும் ஏறத்தாழ இதே அளவுதான்! பிரவுவரின் வழியை அத்தனை விரைவாக்கிய கடலே அதன் தூரத்தை அறிய முடியாததாகவும் ஆக்கியது.

முதலில் இதன் விளைவு இழப்பாக இல்லை. 1616 அக்டோபர் 25 அன்று 'எண்ட்ராக்ட்' என்ற கப்பல், தன் கணக்குப்படி கடல் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் நிலத்தைக் கண்டது. கப்பல் தலைவர் டிர்க் ஹார்டோக் ஒரு தீவில் இறங்கினார். வெள்ளீயத் தட்டு ஒன்றைத் தட்டையாக்கி, 25ஆம் தேதி வந்ததையும் 27ஆம் தேதி பான்டத்துக்குப் புறப்பட்டதையும் அதில் பொறித்து, ஒரு கம்பத்தில் அடித்து வைத்துவிட்டுப் போனார். ஐரோப்பியர் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கால் வைத்ததற்கு அந்தத் தட்டே சான்று. கம்பெனியின் படவரைஞர் ஹெஸல் கெரிட்ஸ் வரைந்த படத்தில் அந்தக் கரை 'எண்ட்ராக்ட் நிலம்' என்ற பெயரோடு ஏறியது. அந்தக் கரையில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த மக்கள் தங்கள் நிலத்துக்கு வைத்திருந்த பெயர்களை அங்கே வந்த மாலுமிகள் யாரும் கேட்டு எழுதவில்லை.

அடுத்தடுத்து வந்த கப்பல்களும் கரையின் துண்டுகளைக் கண்டு குறித்தன. ஆனால் ஒவ்வொன்றும் தன் பிழையான தூரத்தை வைத்தே குறித்தது. படத்தில் கரை இருந்தது, அது எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பது நிச்சயமில்லை.

1622இல் இங்கிலாந்துக் கம்பெனியின் 'ட்ரையல்' கப்பல் டச்சு வழியைப் பின்பற்றி வந்து, மான்டிபெல்லோ தீவுகளுக்கு அருகே பாறையில் மோதியது. தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 46 பேர் இரண்டு படகுகளில் ஜாவா சேர்ந்தார்கள். கப்பல் தலைவர் ஜான் புரூக், ஆணையின்படியே தான் வந்ததாகவும், வழியிலேயே பாறை இருந்ததாகவும் சாதித்தார். தூரத்தைச் சரிபார்க்க யாராலும் முடியாது என்பது அவருக்குத் தெரியும். பாறைகளைப் பல பாகை மேற்கே தள்ளி எழுதிக் கொடுத்தார். இன்னொரு படகில் தப்பி வந்த தாமஸ் பிரைட் என்ற வணிகர் அவர்மீது கடுமையாகக் குற்றம் சாட்டிக் கடிதம் எழுதினார். ஆனாலும் படத்தில் ஏறியது புரூக்கின் பாறைகள்தான். இல்லாத இடத்தில் இருந்த அந்தப் பாறைகளைத் தேடியும் அவற்றுக்கு அஞ்சி விலகியும் தலைமுறை தலைமுறையாகக் கப்பல்கள் போய்வந்தன. அவர் பொய்யை ஐடா லீ என்ற வரலாற்றாளர் தெளிவாக்கியது 1934இல். உடைந்த கப்பலின் எச்சங்கள் முக்குளிப்பவர்களின் கண்ணில் பட்டது 1969இல். அது ட்ரையல்தான் என்பதே பெரும்பாலோர் கருத்து.

இனி 'பட்டேவியா'. இந்தக் கப்பலின் கதையைக் கொலைக் கதையாகவே உலகம் சொல்லிவந்திருக்கிறது. எனக்கு அது முதன்மையாகத் தூரத்தின் கதை.

1628 அக்டோபர் இறுதியில் சுமார் 340 பேரோடு ஹாலந்தின் டெக்செலிலிருந்து புறப்பட்டது. தலைமை வணிகர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட். இந்தியாவில் பல ஆண்டுகள் இருந்தவர். மசூலிப்பட்டினத்தில் இறங்கித் தரைவழியே ஆக்ரா போய், ஜகாங்கீர் காலத்து வாழ்வைப் பற்றி விரிவான அறிக்கை எழுதியவர். கப்பலைச் செலுத்தியவர் ஆரியன் யாகப்ஸ். ஜாவாவின் பட்டேவியாக் கோட்டைவாயிலுக்காகச் செதுக்கிய கற்கள்கூடக் கப்பலின் அடித்தட்டில் இருந்தன. 1629 ஜூன் 4, விடியலுக்கு முன், காவலுக்கு நின்றவன் முன்னால் வெண்மையாக ஏதோ தெரிவதாகச் சொன்னான். நுரையோ என்று ஐயம். நீர்மேல் நிலவொளி என்றார் யாகப்ஸ். அவர் கணக்கில் நிலம் இன்னும் வெகுதொலைவில் இருந்தது. தன் கண்ணைவிடக் கணக்கை நம்பினார். முழுப் பாயோடு கப்பல், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹவுட்மன் அப்ரோல்ஹோஸ் தீவுகளின் பவளத்திட்டில் ஏறியது.

கரையேறும் முயற்சியில் நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். மற்றவர்கள் நீரில்லாத சிறு தீவுகளில் ஒதுங்கினார்கள். பெல்சார்ட்டும் யாகப்ஸும் கைக்குழந்தை ஒன்று உட்பட மொத்தம் 48 பேராக கப்பலின் பெரிய படகில் ஏறினார்கள். முதலில் தண்ணீர் தேடி நிலக்கரையோரம் போனார்கள். பாறைச்சுவரும் அலையும் இறங்கவிடவில்லை. பிறகு வடக்கே திரும்பி, திறந்த படகில், 33 நாளில் ஜாவா அடைந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. கடல் வரலாற்றின் மிகச் சிறந்த படகுப் பயணங்களில் இதையும் வைக்க வேண்டும். யாகப்ஸ் வேறு எந்தக் குற்றத்துக்கு உரியவரானாலும் அந்தப் பெருமை அவருக்கு உரியது.

ஜாவாவில் இருந்த கம்பெனியின் ஆளுநர் தலைவர் ஜான் பீட்டர்ஸ் கூன் உடனே 'சார்டம்' என்ற கப்பலைக் கொடுத்து பெல்சார்ட்டைத் திருப்பி அனுப்பினார். ஜூலை 15 அன்று புறப்பட்டார். முழுக் கப்பல், நல்ல மாலுமிகள், போதிய உணவு. படகில் 33 நாளில் வந்த தூரத்தைக் கடந்து தீவுகளை அடைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. எதிர்க்காற்று ஒரு காரணம். ஆனால் ஏறத்தாழ ஒரு மாதம் தேடுவதிலேயே கழிந்தது. தன் கப்பல் உடைந்த இடத்தை, அங்கே சில நாள் நின்ற மனிதரே கண்டுபிடிக்க முடியாமல் கடலில் அங்குமிங்கும் அலைந்தார். அட்சரேகையை உடைந்த அன்று சரியாக எடுக்கவில்லை, தீர்க்கரேகை யாருக்குமே தெரியாது. பவளத்திட்டுகள் அலைமட்டத்துக்குச் சற்றே மேலெழுந்தவை, அருகில் போனால்தான் தெரியும்.

செப்டம்பர் 17 அன்று வந்து சேர்ந்தபோது, துணை வணிகர் ஜெரோனிமஸ் கார்னெலிஸ் கூட்டம் நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. கொலைகளில் பெரும்பகுதி ஜூலையிலேயே நடந்துவிட்டது, எவ்வளவு விரைந்து வந்திருந்தாலும் அவற்றைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் வேறொரு தீவில் தண்ணீர் கண்டு, கையில் கிடைத்ததைக் கொண்டு ஆயுதம் செய்து எதிர்த்து நின்ற வீபே ஹேயஸும் அவருடைய வீரர்களும் அந்தத் தேடல் மாதம் முழுவதும் தனியே தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. சார்டம் கண்ணில் பட்ட நாளன்றுகூடச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் 2 அன்று கார்னெலிஸும் கூட்டாளிகள் சிலரும் அங்கேயே தூக்கிலிடப்பட்டார்கள். உடைந்த பட்டேவியா 1963இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்பகுதி மரங்கள் இன்று ஃப்ரிமாண்டில் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

கம்பெனி பாடம் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. நடுக்கடலில் இரண்டு சிறு தீவுகள் உண்டு, செயின்ட் பால், ஆம்ஸ்டர்டாம். இரண்டும் 77 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியவை. மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தைத் தாண்டியதும் வரும் மைல்கல் அவை. அவற்றைக் கண்ணால் பார்த்து, அதுவரையான கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும்படி பிற்காலக் கப்பல்களுக்கு அறிவுறுத்தினார்கள். திசைகாட்டி ஊசி உண்மையான வடக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் குறித்து இடத்தை ஊகித்தார்கள். மிதக்கும் பாசியையும் பறவைகளையும் எழுதிவைத்தார்கள். மூடுபனியில் தீவு கண்ணுக்குப் படாமல் போனால் எல்லாம் பழையபடிதான்.

1656இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் 'வெர்குல்டே டிராக்' என்ற கப்பல் உடைந்தது. ஏழு பேர் படகில் ஜாவா வந்து, கரையில் 68 பேர் உயிரோடு இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளில் பல கப்பல்கள் தேடிப்போயின, ஒருவரும் கிடைக்கவில்லை. தேடப்போன ஒரு கப்பல் தன் படகையே கரையில் விட்டுவிட்டு வந்தது. அந்தப் படகின் ஆட்கள் தாங்களாகவே ஜாவாவை நோக்கி வர வேண்டியதாயிற்று. 1712இல் 'சுய்ட்டார்ப்' அதே கரையின் செங்குத்துப் பாறைகளில் மோதியது. அதன் செய்தியைச் சொல்ல ஜாவாவுக்கு யாருமே வரவில்லை.

1727 ஜூனில் 'சீவைக்' அப்ரோல்ஹோஸ் தீவுகளிலேயே மோதியது. ஹார்டோக் தட்டு அடித்து 111 ஆண்டு கழிந்திருந்தது. தப்பியவர்கள் உடைந்த மரங்களையும் தீவில் கிடைத்த மரங்களையும் கொண்டு புதிதாக ஒரு சிறு கப்பலைக் கட்டி, மறு ஆண்டு ஜாவா போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் தலைவர் ஜான் ஸ்டெய்ன்ஸ் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். தென்னிலத்துக்கு, அதாவது ஆஸ்திரேலியக் கரைக்கு, அருகே போகாதே என்ற ஆணையை மீறினார், பிறகு பயணக் குறிப்பேட்டைத் திருத்தி எழுதினார் என்பவை குற்றச்சாட்டுகள். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஜான் புரூக் செய்ததும் அதுவே. எழுதிய தூரம் உண்மையா பொய்யா என்று கடலைக் கேட்க முடியாதபோது, நீதிமன்றத்தின் முன் இருந்தது காகிதம் மட்டுமே.

ஸ்டெய்ன்ஸ் ஜாவாவின் பட்டேவியா நகரில் விசாரிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், இங்கிலாந்தின் ஹம்பர் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மரச் சக்கரங்களால் கடிகாரம் செய்துகொண்டிருந்தார். எண்ணெய் தேவையில்லாத, மாதத்துக்கு ஒரு நொடி அளவே பிசகும் கடிகாரங்கள் அவை என்பது அவர் கணக்கு. அடுத்த பகுதியில் அவருடைய பட்டறைக்குப் போவோம்.